கூட்டு மதிப்பெண்ணின் வரலாறு: லிக்கர்ட் முதல் புள்ளியியல் மென்பொருள் வரை

ஆய்வுச்சுருக்கம்

வினாநிரல் வழி நிகழும் ஆய்வுகளில் பல கூற்றுகளுக்குத் தகவலாளி அளிக்கும் விடைகளை எண்களாக்கிச் சேர்த்து, ஒரு கூட்டு மதிப்பெண் பெறுவது இன்று பெருவழக்காக உள்ளது. அம்மதிப்பெண்ணுக்குச் சராசரி, திட்ட விலக்கம், நம்பகத்தன்மைக் கெழு ஆகியன மென்பொருள்வழிக் கணக்கிடப்படுகின்றன. இம்முறை அமெரிக்காவில் 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட்டால் முன்வைக்கப்பட்டபோது, சில சோதனைகளுக்கு உட்பட்ட ஓர் உழைப்புச் சிக்கன முறையாகவே இருந்தது. கூட்டும் பணி மனிதர் கையிலிருந்து மென்பொருளுக்கு மாறியபோது கணக்கீட்டின் உழைப்பு குறைந்தது. ஆனால் கணக்கீட்டுக்குள் இருந்த முடிவுகள் குறையவில்லை. அவை கட்டளைகளுக்குள் இடம்பெயர்ந்தன. இவ்விடப்பெயர்ச்சியை வரலாற்று நோக்கிலும் எளிய கணக்குகள் வழியாகவும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கூட்டு மதிப்பெண், மனப்பான்மை அளவுகோல், லிக்கர்ட், ஆல்ஃபா கெழு, விடுபட்ட விடை, புள்ளியியல் மென்பொருள்.

முன்னுரை

‘இக்காரணியின் சராசரி 3.75, திட்ட விலக்கம் 0.79, ஆல்ஃபா 0.80’ என்பது போன்ற ஒரு வரி, கள ஆய்வை அடிப்படையாகக் கொண்ட ஆய்வேடுகளில் பழகிப்போன ஒன்று. இவ்வரியில் மூன்று எண்கள் உள்ளன. ஆனால் இம்மூன்றையும் பெறுவதற்கு ஆய்வாளர் எடுத்திருக்க வேண்டிய முடிவுகள் மூன்றுக்கும் மேற்பட்டவை. எந்தக் கூற்றுகளைச் சேர்ப்பது, எதிர்மறைக் கூற்றுகளை எவ்வாறு திருப்புவது, விடை எழுதாமல் விடப்பட்ட இடத்தை என்ன செய்வது, கூட்டுத்தொகையைக் கொள்வதா சராசரியைக் கொள்வதா என்பன அவற்றுள் சில. முடிவுகள் மாறினால் எண்களும் மாறும். சில இடங்களில் ஆய்வின் முடிபே மாறும்.

புள்ளியியல் நூல்கள் இக்கணக்குகளைச் செய்முறையாகக் கற்பிக்கின்றன. அச்செய்முறை எச்சூழலில், எவ்வகை வாதங்களின் நடுவே உருவாயிற்று என்பது பெரும்பாலும் பேசப்படுவதில்லை. வரலாற்றை அறியாதபோது ஒரு காலத்தில் தெரிந்தே எடுக்கப்பட்ட முடிவு, பின்னர் இயற்கை விதி போலத் தோற்றமளிக்கிறது. எனவே கூட்டு மதிப்பெண்ணின் வரலாற்றை 1920களின் இறுதியிலிருந்து தொடர்ந்து நோக்குவது பயனுடையதாகும்.

தர்ஸ்டனின் அளவுகோல்

சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல். எல். தர்ஸ்டன், மனப்பான்மையை அளக்க இயலும் என்னும் கருத்தை 1928இல் ஒரு கட்டுரையில் வலியுறுத்தினார். அடுத்த ஆண்டு எர்னஸ்ட் சேவ் என்பவருடன் இணைந்து, கிறித்தவத் திருச்சபை பற்றிய மனப்பான்மையை அளக்கும் நூலொன்றை வெளியிட்டார்.

இவர்களது முறை உழைப்பு மிகுந்தது. முதலில் 130 கூற்றுகள் திரட்டப்பட்டன. அவை 300 நடுவர்களிடம் வழங்கப்பட்டன. ஒவ்வொரு நடுவரும் அக்கூற்றுகளை மிகச் சாதகமானது முதல் மிகப் பாதகமானது வரை 11 அடுக்குகளாகப் பிரித்தார். நடுவர் தமது சொந்தக் கருத்தைக் கூறவில்லை. ஒரு கூற்று எவ்வளவு சாதகமானது என்பதை மட்டுமே மதிப்பிட்டார். 300 நடுவர்கள் 130 கூற்றுகளை அடுக்கினால் கிடைப்பவை 39,000 தனித்தனி மதிப்பீடுகள். அவற்றின் இடைநிலையே ஒரு கூற்றின் அளவுகோல் மதிப்பாகக் கொள்ளப்பட்டது. நடுவர்களிடையே கருத்து வேறுபாடு மிகுந்த கூற்றுகள் நீக்கப்பட்டன. இவ்வளவும் முடிந்த பிறகே தகவலாளியிடம் வினாநிரல் சென்றது.

இம்முறையில் ஒரு கூற்றின் எண், தகவலாளியைச் சாராமல் முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகிறது என்பது கருதத்தக்கது. அளவுகோல் முதலில், அளத்தல் பிறகு என்பதே தர்ஸ்டனின் அடிப்படை.

லிக்கர்ட்டின் எளிய முறை

தர்ஸ்டனின் முறைக்கு மாற்றினை உருவாக்கியவர் ரென்சிஸ் லிக்கர்ட் (1903–1981). இவர் பெயரை லைக்கர்ட் என எழுதும் வழக்கமும் தமிழில் உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ட்னர் மர்ஃபியின் வழிகாட்டுதலில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்ட இவர், அவ்வாய்வை 1932இல் ‘உளவியல் ஆவணங்கள்’ என்னும் வரிசையின் 140ஆம் இதழாக வெளியிட்டார். பன்னாட்டு உறவு, ஏகாதிபத்தியம், அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஆகியன பற்றிய மாணவர்களின் மனப்பான்மையே அவரது ஆய்வுப் பொருள்.

லிக்கர்ட் நடுவர்களை நீக்கினார். ஒவ்வொரு கூற்றுக்கும் ‘மிகவும் ஏற்கிறேன்’ என்பதிலிருந்து ‘சற்றும் ஏற்கவில்லை’ என்பது வரை ஐந்து விடைகளை அமைத்து, தகவலாளியிடமே நேரடியாகக் கேட்டார். விடைகளை எண்களாக்குவதில் அவர் எடுத்துக்கொண்ட முதல் வழி எளிதானதன்று. மனப்பான்மை ஏறத்தாழ இயல்நிலைப் பரவலில் அமையும் எனக் கொண்டு, ஒவ்வொரு விடையையும் தேர்ந்தெடுத்தவர்களின் விழுக்காட்டிலிருந்து அட்டவணையின் துணையுடன் அவ்விடைக்குரிய மதிப்பைக் கணித்தார். பின்னர் அம்மதிப்புகளுக்குப் பதிலாக 1, 2, 3, 4, 5 என்னும் எண்களையே இட்டுக் கூட்டிப்பார்த்தார். இருவழிகளில் கிடைத்த மதிப்பெண்களுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு 0.99 ஆக இருந்தது. கடினமான வழி தரும் விடையையே எளிய வழியும் தருகிறது என்பதால் எளிய வழியை அவர் பரிந்துரைத்தார்.

ஒன்று முதல் ஐந்து வரையிலான எண்கள் மனப்பான்மையின் உண்மையான இடைவெளிகளைக் குறிக்கின்றன என்று லிக்கர்ட் நிறுவவில்லை. அவ்வெண்களைக் கூட்டினால் கிடைக்கும் மொத்தம், மிகுந்த உழைப்பில் கிடைக்கும் மொத்தத்தோடு ஒத்துப்போகிறது என்பதையே அவர் காட்டினார். எனவே அவர் தந்த நியாயம் தனிக் கூற்றின் எண்ணுக்கு உரியதன்று. பல கூற்றுகளின் மொத்தத்துக்கு உரியது.

அவர் சில பாதுகாப்புகளையும் உடன் வைத்தார். கூற்றுகளுள் ஏறத்தாழப் பாதி ஒரு திசையிலும் மீதி எதிர்த்திசையிலும் அமையவேண்டும். அப்போதுதான் படிக்காமலே ஒரே பத்தியில் குறியிடுவோரின் போக்கு மொத்தத்தைச் சாய்க்காது. ஒவ்வொரு கூற்றும் மொத்த மதிப்பெண்ணோடு எவ்வாறு ஒத்துப்போகிறது என்பதைச் சோதிக்கவேண்டும். மொத்தத்தில் உயர்ந்த குழுவினரையும் தாழ்ந்த குழுவினரையும் வேறுபடுத்திக் காட்டாத கூற்று நீக்கப்படவேண்டும். ஆக, கூட்டல் என்பது சோதனைகளின் முடிவில் வரும் செயலாகவே லிக்கர்ட்டிடம் இருந்தது.

லிக்கர்ட் 1939இல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் திட்ட ஆய்வுப் பிரிவுக்குத் தலைமையேற்றார். 1946இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கள ஆய்வு மையம் உருவாக முதன்மைக் காரணமாக இருந்தார். பெரும் எண்ணிக்கையிலான மக்களிடம் வினாநிரல் கொண்டுசெல்லும் நிறுவனங்கள் வளர்ந்த காலத்தில், நடுவர் தேவைப்படாத அவரது முறை விரைந்து பரவியதில் வியப்பில்லை.

கூட்டலுக்கு எழுந்த மறுப்புகள்

கூட்டு மதிப்பெண் எதிர்ப்பின்றி ஏற்கப்படவில்லை. 1940களில் இரு முக்கியமான வினாக்கள் எழுந்தன.

முதல் வினா லூயி கட்மனுடையது. 1944இல் வெளிவந்த தமது கட்டுரையில், ஒருவரின் மொத்த மதிப்பெண்ணை அறிந்தால் அவர் எக்கூற்றுகளை ஏற்றார் என்பதையும் மீட்டறிய இயலுமாறு அளவுகோல் அமையவேண்டும் என்றார். லிக்கர்ட்டின் மொத்தம் இத்தேவையை நிறைவுசெய்வதில்லை. ஐந்து கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள் எனக் கொண்டால் அமையக்கூடிய விடைவரிசைகள் 3,125. அவற்றுள் 25 என்னும் மொத்தத்தைத் தருவது ஒன்றே. ஆனால் 15 என்னும் மொத்தத்தைத் தருபவை 381. எல்லாவற்றுக்கும் ‘கருத்தில்லை’ என்றவரும், சிலவற்றை முழுமையாக ஏற்றுச் சிலவற்றை முழுமையாக மறுத்தவரும் ஒரே எண்ணில் வந்து நிற்பர். நடுத்தர மதிப்பெண்ணை ‘நடுநிலை மனப்பான்மை’ எனப் பொருள்கொள்வதற்கு முன் இவ்வெண்ணிக்கையை நினைவிற்கொள்ள வேண்டும்.

இரண்டாம் வினா எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் 1946இல் எழுப்பியது. அளவைகளைப் பெயரளவை, வரிசை அளவை, இடைவெளி அளவை, விகித அளவை என நான்காகப் பகுத்த அவர், வரிசை அளவைக்குச் சராசரியும் திட்ட விலக்கமும் கணக்கிடுவது கண்டிப்பான நோக்கில் பொருந்தாது என்றார். ‘ஏற்கிறேன்’ என்பதற்கும் ‘மிகவும் ஏற்கிறேன்’ என்பதற்கும் உள்ள தொலைவு, ‘கருத்தில்லை’ என்பதற்கும் ‘ஏற்கிறேன்’ என்பதற்கும் உள்ள தொலைவுக்குச் சமம் என்பதற்குச் சான்றில்லை. எனினும் நடைமுறையில் அத்தகைய கணக்குகள் பயன்தருவதையும் அவர் மறுக்கவில்லை. கட்டுரையின் தடையை நினைவில்கொண்ட பலர் இவ்விட்டுக்கொடுத்தலை மறந்தனர்.

1953இல் ஃபிரெடெரிக் லார்ட், கால்பந்தாட்ட வீரர்களின் சட்டை எண்களைக் கொண்டு ஒரு நகைச்சுவைக் கதை வடிவில் இதற்கு மறுமொழி தந்தார். சட்டை எண்கள் வெறும் அடையாளங்களே. ஆயினும் ஒரு குழுவுக்குச் சிறிய எண்களே வந்தன என்று புகார் எழுந்தால், அப்புகாரைச் சோதிக்கச் சராசரி பயன்படும். கணக்கு செல்லுமா என்பது எண்ணின் வகையை மட்டுமன்றிக் கேட்கப்படும் வினாவையும் பொறுத்தது என்பதை அக்கதை உணர்த்தியது. இவ்விவாதம் இன்றளவும் முற்றுப்பெறவில்லை. கூட்டு மதிப்பெண்ணுக்குச் சராசரி காண்பது குற்றமும் அன்று, தானே விளங்கும் உரிமையும் அன்று என்பதே அதிலிருந்து பெறத்தக்கது.

ஆல்ஃபா கெழு

கூட்டலாமா என்னும் வினாவுக்கு எண்வடிவில் விடைதரும் முயற்சி நம்பகத்தன்மைக் கெழுக்களில் தொடங்கியது. சார்லஸ் ஸ்பியர்மனும் வில்லியம் பிரவுனும் 1910இல் தனித்தனியே வெளியிட்ட சூத்திரம், ஒரு தேர்வை இரு பாதிகளாகப் பிரித்து முழுத்தேர்வின் நம்பகத்தன்மையை மதிப்பிட உதவியது. எவ்வாறு பாதியாகப் பிரிப்பது என்பதைப் பொறுத்து விடை மாறுவது அதன் குறை. 1937இல் கூடரும் ரிச்சர்ட்சனும் சரி, தவறு என மதிப்பிடப்படும் தேர்வுகளுக்கு இச்சிக்கலைத் தீர்த்தனர். லீ கிரான்பாக் 1951இல் பலநிலை விடைகளுக்கும் பொருந்தும் பொது வடிவத்தை விரிவாக ஆராய்ந்து, அதற்கு ஆல்ஃபா எனப் பெயரிட்டார்.

ஆல்ஃபாவின் அடிப்படை எளிது. தனிக்கூற்றுகளின் பரவற்படிகளைக் (திட்ட விலக்கத்தின் வர்க்கங்களைக்) கூட்டி, அக்கூடுதலைக் கூட்டு மதிப்பெண்ணின் பரவற்படியால் வகுக்கவேண்டும். கிடைக்கும் ஈவை ஒன்றிலிருந்து கழித்து, கூற்றுகளின் எண்ணிக்கையை அதனினும் ஒன்று குறைந்த எண்ணால் வகுத்து வரும் பின்னத்தால் பெருக்கவேண்டும். கூற்றுகள் ஒன்றோடொன்று இணைந்து உயர்ந்து தாழ்ந்தால் கூட்டு மதிப்பெண்ணின் பரவற்படி பெருகும், ஆல்ஃபாவும் உயரும்.

இக்கெழு கூற்றுகளின் எண்ணிக்கையையும் சார்ந்தது. சம பரவற்படி உடைய 20 கூற்றுகள், எந்த இரண்டுக்கும் இடையே ஒட்டுறவு 0.12 மட்டுமே எனக் கொள்வோம். அப்போதும் ஆல்ஃபா 0.73 ஆகிறது. ஆகவே ஆல்ஃபா 0.70ஐத் தாண்டியது என்பதால் மட்டும் கூற்றுகள் அனைத்தும் ஒரே பொருளைப் பற்றியவை என்று கொள்ள இயலாது.

0.70 என்னும் எல்லைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஜம் நன்னலி தமது உளவியல் அளவீட்டு நூலின் 1967ஆம் ஆண்டுப் பதிப்பில், தொடக்கநிலை ஆய்வுகளுக்கு 0.50 முதல் 0.60 வரை போதும் என்றார். 1978ஆம் ஆண்டுப் பதிப்பில் அதை 0.70 ஆக உயர்த்தினார். தனிமனிதரைப் பற்றி முக்கிய முடிவெடுக்க 0.90ஆவது வேண்டும் என்றும் அங்கு கூறினார். தொடக்கநிலை ஆய்வுக்குச் சொல்லப்பட்ட அளவு பின்னர் எல்லா ஆய்வுக்கும் உரிய தேர்ச்சி எல்லையாகக் கொள்ளப்பட்டது. தமது பெயரால் ஆல்ஃபா வழங்குவது குறித்துக் கிரான்பாக்கே சங்கடப்பட்டார். அவர் மறைவுக்குப் பின் 2004இல் வெளிவந்த கட்டுரையில், பெரும்பாலான அளவீடுகளை மதிப்பிட அச்சூத்திரமே தகுந்த வழி எனத் தாம் இப்போது கருதவில்லை என்றும் தெரிவித்திருந்தார்.

துளையட்டையும் மென்பொருளும்

கள ஆய்வின் விடைகள் நெடுங்காலம் துளையட்டைகளில் பதியப்பட்டன. ஐ.பி.எம். நிறுவனம் 1928இல் அறிமுகப்படுத்திய 80 பத்தி அட்டை இதற்குப் பொதுவடிவமாயிற்று. ஒரு பத்தி ஒரு கூற்றின் விடையைத் தாங்கியது. கணினி வந்தபின் அதே அட்டைகள் ஃபோர்ட்ரான் மொழி நிரல்களால் படிக்கப்பட்டன. அம்மொழியின் தொடக்ககாலப் பதிப்புகளில், எண் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தால் அது சுழியமாகவே படிக்கப்பட்டது. விடை இல்லை என்பதும் விடை சுழியம் என்பதும் ஒன்றாகிவிடும். எனவே விடுபட்ட இடத்தில் 9 போன்ற ஒரு குறியெண்ணைத் துளையிடும் வழக்கம் பயன்பட்டது. அது குறியெண் என்று நிரலுக்கு அறிவிக்காவிடில் அந்த 9உம் மதிப்பெண்ணோடு கூடிவிடும்.

1961இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலீஸ் வளாகத்தில் வில்ஃபிரிட் டிக்சன் தலைமையில் மருத்துவ ஆய்வுக்கான பி.எம்.டி. நிரல்களின் கையேடு வெளிவந்தது. சமூக அறிவியலாளருக்குத் திருப்புமுனையாக அமைந்தது 1968இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான எஸ்.பி.எஸ்.எஸ். அரசியல் அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வாளராக இருந்த நார்மன் நை, செயல்முறை ஆய்வியலில் முனைவர் பட்ட ஆய்வாளராக இருந்த டேல் பென்ட், மேலாண்மைப் பட்டம் பெற்ற ஹட்லாய் ஹல் ஆகிய மூவரும் இதனை உருவாக்கினர். 1970இல் வெளிவந்த அதன் கையேடு, நிரல் எழுதத் தெரியாத ஆய்வாளரும் ஏறத்தாழச் சொற்றொடர் போன்ற கட்டளைகளால் தரவைக் கையாள வழிசெய்தது. வட கரோலினாவில் உருவான எஸ்.ஏ.எஸ். 1976இல் தனி நிறுவனமாயிற்று. ஸ்டேட்டா 1985இல் வெளிவந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மனும் தொடங்கிய ஆர் மொழியின் முதல் முழுப்பதிப்பு 2000இல் வந்தது.

இம்மென்பொருள்கள் செய்த நன்மை பெரிது. ஆயிரம் பேரின் விடைகளைப் பிழையின்றிக் கூட்டுவது ஒரு கட்டளையின் வேலையாயிற்று. ஆனால் தாளைக் கையில் வைத்துக் கூட்டுபவர் விடுபட்ட இடத்தைக் கண்ணால் கண்டே ஆகவேண்டும். என்ன செய்வது என்று அங்கேயே தீர்மானித்தாக வேண்டும். மென்பொருளில் அத்தீர்மானம் கட்டளையைத் தேர்ந்தெடுக்கும்போதே எடுக்கப்பட்டுவிடுகிறது. தேர்ந்தெடுப்பவர் அதனை அறியாமலும் இருக்கலாம்.

ஒரே தரவு, ஐந்து சராசரிகள்

இதனை ஒரு சிறு கணக்கு தெளிவாக்கும். எடுத்துக்காட்டுக்காக அமைத்த ஐந்து கூற்றுகளுக்கு நால்வர் விடையளித்தனர் எனக் கொள்வோம். விடுபட்ட விடை சிறுகோட்டால் குறிக்கப்படுகிறது.

அ: 4, 4, 4, 4, 4
ஆ: 5, 5, 5, 5, –
இ: 4, –, –, –, –
ஈ: 2, 2, 2, 2, 2

முதல் வழி: கூற்றுகளைக் கூட்டல் குறியிட்டுச் சேர்த்தல். எஸ்.பி.எஸ்.எஸ்., எஸ்.ஏ.எஸ். ஆகியவற்றில் ஒரு விடை விடுபட்டாலும் மொத்தம் விடுபட்டதாகிவிடும். அ (20), ஈ (10) ஆகிய இருவரே எஞ்சுவர். சராசரி 15, ஒரு கூற்றுக்கு 3.00.

இரண்டாம் வழி: அதே மென்பொருள்களில் கூட்டுத்தொகைச் சார்பைப் பயன்படுத்துதல். இருக்கும் விடைகள் மட்டும் கூடும். மொத்தங்கள் 20, 20, 4, 10. சராசரி 13.5, ஒரு கூற்றுக்கு 2.70. விடுபட்ட இடத்தைச் சுழியமாகக் கொள்வதற்கு இது சமம். ஸ்டேட்டாவின் வரிசைக் கூட்டுத்தொகைச் சார்பும் இவ்வாறே செய்கிறது.

மூன்றாம் வழி: சராசரிச் சார்பைப் பயன்படுத்துதல். மதிப்பெண்கள் 4, 5, 4, 2. சராசரி 3.75. இங்கு ஒரே ஒரு கூற்றுக்கு விடையளித்த இ, ஐந்துக்கும் விடையளித்த அ உடன் சமமாக நிற்கிறார். விடுபட்ட இடங்களை அவரவரின் பிற விடைகளின் சராசரியால் நிரப்புவதற்கு இது சமம்.

நான்காம் வழி: குறைந்தது நான்கு விடைகளாவது இருக்கவேண்டும் என்னும் வரம்புடன் சராசரி காணுதல். இ நீங்குகிறார். மதிப்பெண்கள் 4, 5, 2. சராசரி 3.67.

ஐந்தாம் வழி: ஒவ்வொரு கூற்றுக்கும் தனித்தனியே சராசரி கண்டு, அவற்றின் சராசரியை எடுத்தல். முதல் கூற்றுக்கு 3.75, அடுத்த மூன்றுக்கும் 3.67, ஐந்தாவதற்கு 3.00. இவற்றின் சராசரி 3.55.

தரவு ஒன்றே, விடைகள் 3.00, 2.70, 3.75, 3.67, 3.55 என ஐந்து. ஐந்துபுள்ளி அளவுகோலில் 3 நடுப்புள்ளி. ஆகவே இந்நால்வரும் நடுநிலையினர் என்றோ, சற்று மறுப்பவர் என்றோ, ஏற்பவர் என்றோ எழுதிவிட முடியும். கணக்கில் பிழையொன்றும் இல்லாமலே இம்மூன்று முடிபுகளும் பிறக்கின்றன. விடைகள் முழுமையாக இருந்தால் ஐந்து வழிகளும் ஒரே விடையைத் தந்திருக்கும் என்பதால், சிக்கல் கூட்டலில் இல்லை. விடுபட்ட விடையைப் பற்றிய முடிவில் உள்ளது.

நால்வர் மட்டுமே உள்ளதால் வேறுபாடு பெரிதாகத் தோன்றுகிறது. பெரிய தரவில் அது சிறுக்கலாம். ஆனால் விடைகள் தற்செயலாக விடுபடாதபோது மறைவதில்லை. டொனால்டு ரூபின் 1976இல் வெளியிட்ட கட்டுரை, விடை ஏன் விடுபட்டது என்பதே அதனை எவ்வாறு கையாளலாம் என்பதைத் தீர்மானிக்கிறது என்று காட்டியது. வருமானம் பற்றிய கூற்றையோ சாதி பற்றிய கூற்றையோ ஒருவர் வெறுமையாக விடுவது பெரும்பாலும் காரணமின்றி நிகழ்வதன்று.

இதனோடு இன்னொன்றும் சேர்கிறது. எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளின் நம்பகத்தன்மைச் செயல்முறை, எல்லாக் கூற்றுகளுக்கும் விடையளித்தவர்களை மட்டுமே கணக்கில் கொள்கிறது. மேற்கண்ட தரவில் ஆல்ஃபா அ, ஈ ஆகிய இருவரிடமிருந்து வரும். மூன்றாம் வழிச் சராசரியோ நால்வரிடமிருந்து வரும். அடுத்தடுத்து அச்சிடப்படும் இரு எண்கள் வெவ்வேறு மக்களைப் பற்றியவையாக இருக்கின்றன.

கூட்டு மதிப்பெண்ணின் திட்ட விலக்கம்

சராசரியைப் போலத் திட்ட விலக்கத்தையும் கூற்றுவாரியாகக் கண்டு சராசரி எடுத்துவிடலாம் என்னும் எண்ணம் எழுவது இயல்பு. விடைகள் முழுமையாக உள்ளபோது கூற்றுச் சராசரிகளின் சராசரி, கூட்டு மதிப்பெண்ணின் சராசரியாகும். திட்ட விலக்கத்துக்கு இது பொருந்தாது. கூட்டு மதிப்பெண்ணின் பரவற்படி, தனிப் பரவற்படிகளின் கூடுதலோடு ஒவ்வோர் இணைக்கும் உரிய உடன்மாறுபாட்டின் இருமடங்கையும் சேர்த்ததாகும்.

நான்கு கூற்றுகள், ஒவ்வொன்றின் திட்ட விலக்கமும் 1, எந்த இரண்டுக்கும் இடையே ஒட்டுறவு 0.5 எனக் கொள்வோம். பரவற்படிகளின் கூடுதல் 4. இணைகள் ஆறு, அவற்றின் பங்கு 6. கூட்டுத்தொகையின் பரவற்படி 10. நான்கால் வகுத்துப் பெறும் சராசரி மதிப்பெண்ணின் திட்ட விலக்கம் 0.79. கூற்றுகளின் திட்ட விலக்கங்களைச் சராசரி செய்தவர் 1.00 என்று எழுதியிருப்பார். கூற்றுகளிடையே ஒட்டுறவே இல்லை எனில் சரியான விடை 0.50. அதாவது திட்ட விலக்கங்களின் சராசரி, கூற்றுகளுக்கிடையிலான உறவு என்னும் செய்தியை முற்றிலும் இழந்துவிடுகிறது. கூட்டு மதிப்பெண்ணை நியாயப்படுத்துவது அவ்வுறவே.

இத்தரவின் ஆல்ஃபா 0.80. இனி நான்கு கூற்றுகளுள் ஒன்று எதிர்மறையானது என்றும், அதைத் திருப்ப ஆய்வாளர் மறந்தார் என்றும் கொள்வோம். ஐந்துபுள்ளி அளவுகோலில் திருப்புதல் என்பது விடையை 6இலிருந்து கழிப்பது மட்டுமே. திருப்பாதபோது மூன்று இணைகளின் ஒட்டுறவு எதிர்க்குறி பெற்று மற்ற மூன்றையும் அழித்துவிடும். கூட்டுத்தொகையின் பரவற்படி 4 ஆகக் குறையும், ஆல்ஃபா சுழியமாகும். ஆனால் 20 கூற்றுகள் உள்ள அளவுகோலில் ஒன்றைத் திருப்ப மறந்தால் ஆல்ஃபா சிறிதளவே குறையும், பிழை வெளிப்படாது. எதிர்த்திசைக் கூற்றுகளையும் கூற்றுவாரிச் சோதனையையும் லிக்கர்ட் ஒருசேர வற்புறுத்தியதன் பொருத்தம் இங்கே விளங்கும். ஒவ்வொரு கூற்றும் மீதமுள்ளவற்றின் மொத்தத்தோடு கொள்ளும் ஒட்டுறவைப் பார்த்தால், திருப்பப்படாத கூற்று எதிர்க்குறியோடு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இன்றைய மென்பொருள்கள் அப்பட்டியலைத் தருகின்றன, சில கேட்டால்தான் தருகின்றன.

முடிவுரை

கூட்டு மதிப்பெண்ணின் வரலாற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன.

லிக்கர்ட் 1, 2, 3, 4, 5 என்னும் எண்களை ஏற்றது, கடினமான முறையோடு ஒப்பிட்டு, சோதனைகளுக்குப் பின்னரே. அந்நியாயம் பல கூற்றுகளின் மொத்தத்துக்கு உரியது. தனித்த ஒரு கூற்றுக்கு அதனை நீட்டிக்க வேறு சான்று வேண்டும்.

கட்மன், ஸ்டீவன்ஸ், லார்ட், கிரான்பாக் ஆகியோரின் விவாதங்கள் கூட்டலைத் தடைசெய்யவில்லை. கூட்டுபவர் காட்டவேண்டிய காரணங்கள் எவை என்பதை அவை தெளிவாக்கின. 0.70 என்னும் எல்லை அவ்விவாதங்களுக்கு மாற்றாகாது.

மென்பொருள் கணக்கை எளிதாக்கியதே தவிர முடிவெடுக்கும் பொறுப்பை நீக்கவில்லை. கூட்டல் குறி, கூட்டுத்தொகைச் சார்பு, சராசரிச் சார்பு ஆகிய மூன்றும் விடுபட்ட விடையைப் பற்றிய மூன்று வெவ்வேறு கொள்கைகள். எக்கட்டளை பயன்பட்டது என்பதைக் கூறாத ஆய்வேட்டின் சராசரியைப் பிறர் மீண்டும் கணக்கிட்டுச் சரிபார்க்க இயலாது.

ஆகவே கூட்டு மதிப்பெண்ணைப் பயன்படுத்தும் ஆய்வேடு, குறைந்தது ஐந்து செய்திகளை ஆய்வு முறையியல் பகுதியில் பதிவுசெய்தல் வேண்டும்: சேர்க்கப்பட்ட கூற்றுகளும் சேர்த்தமைக்கான காரணமும், திருப்பப்பட்ட கூற்றுகள், விடுபட்ட விடைகளின் எண்ணிக்கையும் அவை கையாளப்பட்ட விதமும், ஒவ்வொரு கெழுவுக்கும் அடிப்படையான தகவலாளர் எண்ணிக்கை, கூற்றுவாரி ஒட்டுறவுப் பட்டியல். இவற்றை எழுத அரைப்பக்கம் போதும். அவ்வரைப்பக்கம் இல்லாதபோது, 3.75 என்பது மக்களின் மனப்பான்மையா, மென்பொருளின் இயல்புநிலையா என்பதை வாசகர் பிரித்தறிய வழியில்லை.